தூர் தெரியாத மரம்: சென்னிமலைப் பக்கத்துத் தூங்குமூஞ்சி ஒன்றின் நோய்க்கதை

2022 பங்குனி. வெடியால ஏழு மணிக்கே போன். “ஏனுங்க, மரத்துக்கு மருந்து கட்டுறது நீங்கதானுங்களா? எங்க சாளை வாசல்ல தூங்குமூஞ்சி மரம் ஒண்ணு காஞ்சுட்டே வருதுங்க. வந்து ஒரு மருந்தக் கட்டி உட்டீங்கன்னா தேவலைங்க.”

நான் பெருந்துறைப் பக்கம் நர்சரி வைத்திருக்கிறேன். மருந்து கட்டுவது என் தொழில் இல்லை. ஆனால் பதினைந்து இருபது வருடத்துக்கு முன் என்னிடம் நாற்று வாங்கிப் போனவர்கள், அது மரமாகிச் சீக்கில் விழுந்தால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். இந்த மரம் என்னிடம் வாங்கியதும் இல்லை. அந்த வீட்டு அப்பாரு கிணறு வெட்டிய வருடம், 1979-ல் நட்டது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மரமும் ஆத்தாவும் இருக்கிறார்கள்.

இடம் சென்னிமலைக்கும் காங்கயத்துக்கும் நடுவே, கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் ஒரு தோட்டம். மேலே இரண்டு மூன்றடி செம்மண், அதற்குக் கீழே சுண்ணாம்புச் சுக்கான் கல். வருடத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை பெய்தால் பெரிய சங்கதி. அதிலும் பாதி ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற அடியில் இந்தப் பக்கத்து மரங்கள் பலவும் கிழக்கே கொஞ்சம் சாய்ந்தே வளரும். இதெல்லாம் தெரிந்துதான் அப்பாரு வீட்டுக்கு நாற்பதடி தள்ளி நட்டிருக்கிறார். நல்ல கணக்கு.

போய் இறங்கினேன். வரும் வழியில் ரோட்டோரத்துத் தூங்குமூஞ்சி எல்லாம் மாசியில் இலை கொட்டி, பங்குனியில் புதுத் தழை போர்த்தி, அங்கங்கே ரோஸ் நிறக் குஞ்சம் தொங்க நின்றன. இங்கே வாசல் மரம் பாதிதான் தழைத்திருந்தது. தென்மேற்குப் பக்கத்துக் கொப்புகளில் நுனி மொட்டை. தழைத்த பக்கத்திலும் இலை சிறுத்து, தழைக்கு நடுவே வானம் தெரிந்தது. அடிமரத்தில் நெஞ்சு உயரத்தில் டேப் சுற்றினால் பன்னிரண்டரை அடி. நிழல் விரிவு எண்பதடிக்குக் குறையாது. ஆறு வாதுகள், அதாவது அடிமரத்திலிருந்து பிரிகிற பெரிய கிளைகள். போன வருடம் நெத்து வழக்கத்தைவிட ரொம்ப அதிகம் பிடித்ததாம். வீட்டுக்காரர் இதைச் சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. சாகப்போகிற மரம் கடைசியாக ஒருமுறை காய்த்துத் தள்ளுவதை மாமரத்திலும் புளியிலும் பார்த்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் மூன்று வைத்தியம் நடந்திருந்தது. ஒருவர் தூரைச் சுற்றிக் கடப்பாரையால் குழி போட்டு ஐந்து கிலோ யூரியா கொட்டச் சொல்லியிருக்கிறார். இது தனக்கு வேண்டிய தழைச்சத்தைத் தானே காற்றிலிருந்து பிடித்துக்கொள்கிற சாதி. அவரை, துவரைக்குச் சொந்தம். அதற்கு யூரியா எதற்கு? அழுகுகிற வேரில் உப்பைக் கொட்டியதுதான் மிச்சம். இன்னொருவர் அடிமரத்தில் ஓட்டை போட்டுப் பெருங்காயம் அடைத்துச் சாணியால் பூசியிருந்தார். மூன்றாமவர் மருந்துக்கடை ஆள். தென்னைக்குக் கட்டுகிற மாதிரி ஒரு வேரைச் சீவி, பிளாஸ்டிக் பையில் பூச்சிமருந்து கட்டிவிடத் தயாராக இருந்திருக்கிறார். வெட்டிச் சீவ வேர் கண்ணில் படவில்லை என்று திரும்பிவிட்டாராம். அது எவ்வளவு பெரிய துப்பு என்று அவருக்கும் தெரியவில்லை, வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. அந்த மரத்து நெத்தைத் தின்று வளர்கிற ஆடுகள் பதினாறு உருப்படி பட்டியில் நின்றன. விஷம் கட்டாமல் போனது அவற்றின் அதிர்ஷ்டம்.

நானும் முதலில் மேலேதான் பார்த்தேன், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். புல்லுருவி இருக்கிறதா என்று கொப்பு கொப்பாகத் தேடினேன். இரண்டு இடத்தில் சிறியதாக இருந்தது, மரத்தைக் கொல்கிற அளவு இல்லை. பட்டையில் துளை, மரத்தூள், பிசின் எதுவும் இல்லை. சுக்கான் மண்ணில் இரும்புச்சத்து ஏறாமல் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதுவும் இல்லை. ஒரு மணி நேரம் இப்படியே போனது.

அப்போதுதான் ஆத்தா கட்டிலில் உட்கார்ந்தபடி சொன்னது: “கண்ணு, அந்தப் பக்கத்துத் தழை நாலு மணிக்கே தூங்கிப் போயிருது. மத்த பக்கம் பொழுதோடதான் மூடுது. மூணு வருசமா பாக்கறேன். சொன்னா ஆரு கேக்கறா?”

தூங்குமூஞ்சியின் இலைக்காம்படியில் சின்ன முடிச்சு மாதிரி ஒரு மேடு இருக்கும். அதில் தண்ணீர் ஏறினால் இலை விரியும், இறங்கினால் மூடும். பொழுது சாய்ந்தாலும் வானம் மூடினாலும் மூடிக்கொள்வது அதனால்தான். நல்ல வெயிலில் நாலு மணிக்கே ஒரு பக்கம் மட்டும் மூடுகிறது என்றால் அந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். கோளாறு கீழே. ஆத்தா 2019-லேயே கண்டுபிடித்ததை நான் 2022-ல் அவர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

குனிந்து தூரைப் பார்த்தேன். தூரே இல்லை. பெரிய மரம் எதுவானாலும் மண்ணைத் தொடுகிற இடத்தில் யானைக்கால் மாதிரி விரிந்து, வேர் முண்டுகள் நாலு பக்கமும் ஓட வேண்டும். இது கரண்டுக் கம்பத்தை நட்ட மாதிரி நேராகப் பேவர் கல்லுக்குள் இறங்கியிருந்தது. கல்லுக்கும் பட்டைக்கும் நடுவே இருந்த இடுக்கையும் சிமெண்டு வைத்து அழகாகப் பூசியிருந்தார்கள்.

“வாசலை எப்பங்ண்ணா உசத்துனீங்க?”

“உசத்தவெல்லாம் இல்லீங்களே. பையன் கல்யாணத்துக்குக் கல்லுப் போட்டோம், அவ்வளவுதான்.”

திண்ணைப் படியை எண்ணினேன். இரண்டு. கல்யாண ஆல்பத்தை எடுத்துவரச் சொன்னேன். என்னடா இவன் மரத்தைப் பார்க்கச் சொன்னால் போட்டோ கேட்கிறான் என்று வீட்டு அம்மணி ஒரு மாதிரியாகப் பார்த்தார். நிச்சயதார்த்தப் படத்தில் பெண் வீட்டார் அதே திண்ணையில் வரிசையாக நிற்கிறார்கள், கீழே நாலு படி. கல்யாணப் படத்தில் இரண்டு படி. இரண்டு படத்துக்கும் நடுவே மூன்று மாதம். பின்னால் மரம், முதல் படத்தில் யானைக்காலோடு, இரண்டாவதில் இல்லாமல்.

2017 தை மாதக் கல்யாணம். ஒறம்பரை, அதாவது விருந்தாளிகள், ஆயிரத்துக்கு மேல். கார் நிறுத்த வாசல் சமமாக வேண்டும் என்று இருபது லோடுக்கு மேல் கிராவல் கொட்டி, ரோலர் ஓட்டி இறுக்கி, எம்சாண்ட் பரப்பிக் கல் பதித்திருக்கிறார்கள். பந்தல் கட்ட இடைஞ்சல் என்று மேற்குப் பக்கத்து இரண்டு கொப்பை நடுவில் மொட்டையடித்திருக்கிறார்கள். புதுக் குளியலறைக்குப் பைப் போடத் தென்மேற்கில் ஜேசிபி வைத்து வாய்க்கால் பறித்திருக்கிறார்கள். அப்போது தொடைப் பருமனில் இரண்டு வேர் வந்ததாக வீட்டுக்காரருக்கே ஞாபகம் இருந்தது. எல்லாம் ஒரே மார்கழியில்.

மரத்தின் வேர் கிணற்று ஆழத்துக்குப் போகிறது என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். தாங்குகிற வேர் கொஞ்சம் ஆழம் போகும், சரி. சாப்பிடுகிற வேர், அந்த வெள்ளை மயிர் வேர், பெரும்பாலும் மேல் ஒன்றரை இரண்டடியில்தான் கிடக்கும். சுக்கான் தட்டு குறுக்கே இருக்கிற நம் மண்ணில் கேட்கவே வேண்டாம். அதற்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். அதன் தலைமேல் இரண்டடி கிராவலை இறுக்கி, கல்லால் மூடினால் மூச்சு முட்டும். ஆனால் பெரிய மரம் அன்றைக்கே சாகாது. அடிமரத்திலும் வேரிலும் சேர்த்து வைத்த சத்தைத் தின்றுகொண்டு மூன்று, நாலு, ஏழு வருடம்கூட நிற்கும். அதற்குள் கல்லுப் போட்டதை எல்லோரும் மறந்திருப்பார்கள். கடைசியில் பழி போன வருடத்து வறட்சிமேல் விழும்.

எங்கள் பக்கத்தில் அந்த வருடங்களில் கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா கூடாதா என்று ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது. பவானிசாகர் அணையிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடி வருகிற மண் வாய்க்கால், இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம். அதன் கசிவுநீரில்தான் கிணறெல்லாம் ஊறுகிறது, கான்கிரீட் போட்டால் பூமி செத்துப்போகும் என்று கொடி பிடித்தவர்களில் இந்த வீட்டுக்காரரும் ஒருவர். நியாயமான பேச்சு. அதைத்தான் வாசலைக் காட்டி அவருக்கே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றவர், “எத்தனை கல்லுங்க எடுக்கோணும்?” என்றார்.

தூரைச் சுற்றி எல்லாப் பக்கமும் இருபதடிக்குக் கேட்டேன். அவர் ஐந்தடி என்றார். சதுர அடிக்கு அறுபது ரூபாய் கொடுத்துப் போட்ட கல். கடைசியில் தூரிலிருந்து எல்லாப் பக்கமும் ஒன்பதடி என்று முடிந்தது. மரத்துக்குப் போதாது, மனுசருக்கு அதிகம். இப்படித்தான் பெரும்பாலும் முடியும்.

ஜேசிபியை வாசல் பக்கமே விடவில்லை. இரண்டு ஆட்கள், ஆறு நாள், களைக்கொத்தும் பாண்டும் மட்டும். தூருக்குப் பக்கத்தில் மோட்டார் தண்ணீரைக் குழாயில் பீய்ச்சி மண்ணைக் கரைத்தே எடுத்தோம். கல்லைப் பெயர்த்ததும் புளித்த கழனித்தண்ணி மாதிரி ஒரு வாடை வந்தது. ஓரடியில் ஒன்று கண்டோம், எதிர்பார்க்கவில்லை: அடிமரத்திலிருந்து சுண்டுவிரல் பருமனில் புது வேர்கள் கிளம்பி, எம்சாண்டுக்குக் கீழே நாலாபக்கமும் ஓடியிருந்தன. புதைந்த மரம் மூச்சுக்காக மேலே கையை நீட்டியிருக்கிறது. இந்த ஐந்து வருடம் அதைக் காப்பாற்றியது இந்த வேர்கள்தான். இப்போது மண்ணை எடுக்கிறேன் என்று இதையும் அறுத்துப் போட்டால், நோயைச் சரிபண்ணி நோயாளியைக் கொன்ற கதை.

எனவே தெற்கு, மேற்குப் பக்கம் மட்டும் பழைய மட்டம் வரை இறக்கினோம். கிழக்குப் பக்கத்தில் புது வேர் அடர்த்தி, அதை அப்படியே விட்டு, மேல் கல்லை மட்டும் எடுத்துவிட்டு இலைச் சருகு மூடாக்குப் போட்டோம். கீழே பழைய வேரில் புது வெள்ளை முளை வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று.

ஒன்றே முக்காலடியில் பழைய வாசல் வந்தது. வருடக்கணக்காகச் சாணி மொழுகி மொழுகிக் கறுத்துப்போன தரை, தோசைக்கல் மாதிரி வழவழவென்று. தூரிலிருந்து மூன்றடி தள்ளி அந்தத் தரையில் ஒரு கட்டுத்தரை முளைக்குச்சி நட்டபடியே இருந்தது. கயிறு உராய்ந்து கழுத்து மெலிந்த கருவேல முளை. தலைமட்டும் கிராவலில் நசுங்கியிருந்தது. ஆட்கள் பிடுங்கப் போனார்கள். ஆத்தா கட்டிலைவிட்டு எழுந்து வந்து, “அதத் தொடாதீங்க, செவலை கட்டுன மொளை” என்று நிறுத்திவிட்டார்.

தூர் வெளியே வந்தது. புதைந்திருந்த பட்டை ஊறிக் கறுத்திருந்தது. நகத்தால் கீறினால் பெரும்பாலான இடத்தில் உள்ளே பச்சை. தென்மேற்கில் இரண்டு கைப்பிடி அகலத்துக்குப் பழுப்பு, தொட்டால் உதிர்ந்தது. மரச்சுத்தியால் தட்டினேன். மற்ற இடமெல்லாம் ‘டக் டக்’. அங்கே மட்டும் காலிப் பானைச் சத்தம். வேரழுகல் முற்றினால் தூரில் தட்டு மாதிரிக் காளான் முளைக்கும். அது இல்லை என்பது ஒன்றே ஆறுதல்.

உதிர்ந்த பட்டையைச் சுரண்டிக் காயவிட்டோம், மேலே எதுவும் பூசவில்லை. தார் பூசு, சிமெண்டு அடை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பூச்சுக்குள் ஈரம் தங்கி அழுகல்தான் கூடும். ஒன்பதடி வட்டத்துக்கு வெளியே, பேவர் கல்லின் நடுவே சக்கரத்து ஆரம் மாதிரி நாலு பக்கமும் ஓரடி அகல வாய்க்கால் எடுத்து, நன்கு மக்கிய தொழு உரமும் இலை மக்கும் பழைய செம்மண்ணும் கலந்து நிரப்பினோம். வேர் மூச்சுவிட்டபடி நகர்ந்து போக ஒரு தடம். தண்ணீர் தூரில் ஊற்றுவதை நிறுத்தச் சொன்னேன். நிழல் விளிம்பில், பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஒன்றரை அடி ஆழம் நனைகிற அளவு. தினமும் குடத்தில் கொஞ்சம் ஊற்றுவதைவிட அது நூறு மடங்கு மேல்.

காய்ந்த கொப்பு எடுக்கிற வேலைக்கு ஏறுகிற ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். கிடைத்தவரும் “மொட்டையடிச்சு உட்டா புதுசாத் தழையுமுங்க” என்றார். பந்தலுக்காக மொட்டையடித்த இரண்டு வாதையும் காட்டினேன். வெட்டிய இடத்தில் துடைப்பம் மாதிரி இருபது போத்து கிளம்பியிருந்தது. ஒன்றைப் பிடித்து இழுத்தேன், கையோடு பட்டையும் சேர்ந்து வந்துவிட்டது. இந்தப் போத்துக்கு உள்மரத்தில் பிடிப்புக் கிடையாது. பருத்ததும் காற்றுக்கு முறியும். பெரிய கொப்பை எடுப்பதாக இருந்தால் அடிமரத்திலிருந்து ஓரடிக்கு மேல் தள்ளி முதலில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுக்க வேண்டும். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் பட்டை உரியாமல் கொப்பு விழும். மிஞ்சிய கட்டையைக் கடைசியாக, கொப்பு பிறக்கிற இடத்து மடிப்பை விட்டு அறுக்க வேண்டும். அந்த மடிப்பிலிருந்துதான் மரம் காயத்தை மூடும். மடிப்பையும் சேர்த்துச் சீவினால் ஆயுளுக்கும் மூடாது.

பச்சைக் கொப்பில் ஒன்றைப் பற்றி எனக்கும் ஆத்தாவுக்கும் பேச்சு நடந்தது. தெற்கே மாட்டுக்கொட்டகை மேல் நாற்பதடி நீளத்தில் படுக்கையாக ஓடுகிற வாது. அடி சேருகிற இடம் பொத்தல் பக்கம். பாரத்தைக் குறைக்க நுனியில் பத்தடி எடுக்க வேண்டும் என்றேன். “பூக்கறதே அந்தக் கொப்புத்தான் கண்ணு” என்றார் ஆத்தா. விட்டுவிட்டேன். தொழிலில் செய்யக்கூடாததைச் செய்தேன்.

பிறகு நடந்ததில் இரண்டு தப்பு, இரண்டும் என்னுடையது. அந்த வருட ஐப்பசி அடைமழையில் நாங்கள் பறித்த வட்டம் குளமாகிவிட்டது. தூரைச் சுற்றி முழங்கால் தண்ணீர், இரண்டு நாள். வாசலைவிடப் பள்ளமாக ஒரு வட்டம் தோண்டினால் தண்ணீர் போக வழி வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தோன்றவில்லை. போன் வந்த அன்றே ஓடிப்போய் கிழக்குச் சரிவில் நாலு அங்குலப் பைப் பதித்து வடிய வைத்தோம். வட்டத்தின் ஓரம் சரியாமல் இருக்கச் சிமெண்டு இல்லாமல் கருங்கல்லை அடுக்கினோம். இரண்டு நாள் என்பதால் தப்பியது. வாரக்கணக்கில் நின்றிருந்தால் தூர் அழுகியிருக்கும்.

அடுத்தது 2023 சித்திரை. சாயங்காலம் திடீரென்று சூறைக்காற்றும் ஆலங்கட்டி மழையும். அந்தத் தெற்கு வாது அடியோடு பிளந்து கொட்டகை மேல் விழுந்தது. ஓடு போனது, நல்லவேளை மாடு மேயப் போயிருந்தது. முறிந்த இடத்தில் உள்மரம் பஞ்சாகக் கிடந்தது. ஆத்தா என்னைத் திட்டவில்லை. “நாந்தான சொன்னேன்” என்று மட்டும் சொன்னார். அதற்குத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது ஆறு வாதில் நாலுதான். நிழல் தென்மேற்கில் பெரிய ஓட்டை. ஆனால் 2024 மாசியில் கொட்டிய இலை பங்குனிக்குள் ஒட்டுக்கா தழைத்தது. இலை பழைய அகலத்துக்கு வந்துவிட்டது. தூரில் தென்மேற்குக் காயத்தின் இரண்டு ஓரத்திலும் உதடு மாதிரி புதுப்பட்டை உருண்டு வருகிறது, போன முறை அளந்ததில் இரண்டு விரல்கடை. நாலு மணித் தூக்கம் நின்றுபோனதை நான் சொல்லவில்லை, ஆத்தாதான் சொன்னார்.

இந்தக் கேஸைக் கேள்விப்பட்டு, அப்படியானால் நாங்கள் என்ன மரம் வைக்கலாம் என்று கேட்கிறவர்கள் நிறைய. ஐந்து சென்டு வீட்டில் தூங்குமூஞ்சி வைக்காதீர்கள், அது எருமையைத் திண்ணையில் கட்டுகிற மாதிரி. சின்ன வாசலுக்குப் புங்கை, பூமருது. பொறுமை இருந்தால் மகிழம். கொஞ்சம் பெரிய வாசலுக்கு இயல்வாகை. செம்மயிற்கொன்றையின் அழகுக்கு நானும் அடிமைதான், ஆனால் மரம் நொய்மை, காற்றுக்கு முறியும். காரோ கட்டிலோ போடுகிற இடத்தில் வேண்டாம். தோட்டமும் ஆடும் இருந்தால் தூங்குமூஞ்சிக்கு ஈடு இல்லை. விதையின் தோல் கெட்டி. கொதித்து இறக்கிய தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நிமிடத்தில் வடித்துவிட்டு, பச்சைத்தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டால் முளைக்கும். மூன்றடிக்கு மூன்றடி குழி, சுக்கான் தட்டு வந்தால் கடப்பாரையால் உடைத்துவிடுங்கள். பையில் சுருண்ட வேரைப் பிரிக்காமல் நடாதீர்கள். பை மண்மட்டம் எதுவோ அதுவே தோட்டத்து மண்மட்டம், ஒரு விரல்கூட மேலே ஏற்ற வேண்டாம். முதல் ஐந்தாறு வருடம் ஒற்றைத் தண்டாகப் பத்தடி வரை ஏற்றிவிட்டுப் பிறகு கிளைக்க விடுங்கள். அப்போது கத்தரிக்கோலில் எடுப்பதைப் பின்னால் ரம்பத்தில் எடுக்க வேண்டியதில்லை.

கிழக்குப் பக்கத்து மண் இன்னும் அப்படியே இருக்கிறது. போன மாதம் ஒரு ஓரத்தில் பழைய மட்டம் வரை தோண்டிப் பார்த்தேன், பழைய வேரில் வெள்ளை முளை நிறைய. மழைக்காலத்து ஈரத்தில் பாதியை இறக்கலாம் என்று ஐப்பசிக்கு நாள் குறித்திருக்கிறோம். பெயர்த்த பேவர் கல்லைக் கொண்டு ஆட்டுப்பட்டிக்குத் தரை போட்டுவிட்டார்கள். முளைக்குச்சியில் இப்போது ஒரு கிடாரிக் கன்று கட்டியிருக்கிறது. தூரிலிருந்து இன்னும் நாலடி தள்ளிக் கட்டச் சொல்லிவிட்டு வந்தேன், பட்டையைக் கடிக்கிறது.